அத்தைக்குச் செய்த வைத்தியம்

அந்த பஸ்ஸுக்கு ஊருக்குள் அத்தை என்று பெயர். வைத்தவர் யாரென்று தெரியாது, ஆனால் விவரமான ஆளாக இருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. வந்தால் நாலு தெரு தள்ளியே சத்தம் கேட்கும். ஏறி உட்கார்ந்தால் இறங்கும்வரை எதையாவது முனகிக்கொண்டே வரும். இத்தனைக்கும் ஒரு நாள் வராவிட்டால் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார்கள். "அத்தை போயாச்சா?" "இல்லீங்க, இன்னைக்கு மூச்சு வாங்குது போல, மெதுவாத்தான் வருவாங்க" என்று நிறுத்தத்தில் பேசிக்கொள்வதைக் கேட்கும் வெளியூர்க்காரர்கள், ஏதோ குடும்ப விஷயம் என்று மரியாதையாகத் தள்ளி நின்று பஸ்ஸைக் கோட்டைவிடுவார்கள்.

அத்தையோடு ஒரே நாளில் டிப்போவுக்கு வந்த அக்கா தங்கச்சிகள் எல்லாம் எப்போதோ பழைய இரும்பாகிப் போனார்கள். அத்தை மட்டும் தப்பிப் பிழைத்ததற்கு எஞ்சின் காரணமில்லை, ஏறுகிறவர்கள்தான் காரணம். முன் கதவு மூடினால் மூடியபடி நிற்காது. அதனால் முதல் இருக்கையில் உட்காரும் தையல்கார அக்கா, கதவில் கட்டிய நாடாவை இறங்கும்வரை கையில் பிடித்துக்கொண்டே வருவார். மழை பெய்தால் டிரைவர் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் பாதியில் படுத்துக்கொள்ளும். அதில் கட்டிய கயிற்றை ஜன்னல் வழியாக இழுத்துவிட ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். இவர்களுக்கு பஸ்ஸில் மந்திரிகள் என்று பெயர். கதவு மந்திரி, மழை மந்திரி. லீவு என்றால் முந்தின நாளே மாற்று ஆளுக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நிஜ மந்திரிகளிடம் இப்படியொரு பொறுப்பை ஊர் பார்த்ததில்லை.

இந்தப் பாசமெல்லாம் ஒருத்திக்கு மட்டும் எரிச்சலாக இருந்தது. அவள் டிப்போவின் மெக்கானிக். கைவேலையில் கெட்டிக்காரி, அது அவளுக்கும் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். அவள் தொட்ட வண்டி வழியில் நின்றதில்லை. அப்படிப்பட்டவளின் டிப்போவிலிருந்து ஒரு வண்டி, கதவுக்கு ஓர் ஆள், வைப்பருக்கு ஓர் ஆள் என்று பரிவாரத்தோடு கிளம்பிப் போனால் எப்படி இருக்கும்? உதிரி பாகம் வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்குற வண்டிக்கு எதுக்கும்மா புதுசு?" என்பார் அவர். கொடுமையிலும் கொடுமை, அந்த மந்திரிசபையிலேயே பெரிய மந்திரி அவளைப் பெற்ற அப்பா.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்தான். அப்பா தண்ணீர் நிலையத்தில் பம்ப் ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல ஆகிருதி. நாற்காலிகள் அவரைக் கண்டால் பயப்படும். அம்மா இறந்த பிறகு மனிதர் வாசலைத் தாண்டுவதையே விட்டுவிட்டார். சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கவும் மாட்டார். ஒரு நாள் அவள்தான் சண்டை போட்டு, மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று அத்தையில் ஏற்றிவிட்டாள்.

அத்தைக்கு வலது பக்க ஸ்பிரிங் பட்டை தளர்ந்து போயிருந்தது. மேம்பாலத்தின் வளைவில் வண்டி வலது பக்கம் சாய்ந்து, டயர் தகரத்தில் உரசி, ஊரையே எழுப்புகிற மாதிரி ஒரு சத்தம் போடும். அன்றைக்கு டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "அந்த வெள்ளைச் சட்டை சார், கொஞ்சம் இடது பக்கமா வந்து உக்காருங்களேன்" என்றார். அப்பா எழுந்து போய் உட்கார்ந்தார். சத்தம் டக்கென்று நின்றது. பஸ்ஸே கை தட்டியது. அன்று வீட்டுக்கு வந்து இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் சவரம் செய்து, சட்டை போட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "எங்கப்பா போறீங்க?" என்றதற்கு, "வேலைக்கு" என்றார்.

அன்றிலிருந்து ஆறு வருடமாக அவர் பாரம் சார். மேம்பாலம் நெருங்கும்போது டிரைவர் "பாரம்!" என்று குரல் கொடுப்பார். அப்பா வலது பக்கத்திலிருந்து எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கத்துக்கு வருவார். முதலிலேயே இடது பக்கம் உட்கார்ந்து தொலைக்க வேண்டியதுதானே என்று புதிதாக ஏறுகிறவர்கள் கேட்பதுண்டு. சந்தை முனையில் வண்டி மறுபக்கம் சாயும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதையெல்லாம் பொறுமையாக விளக்கிச் சொல்லவும் அப்பாவுக்குப் பிடித்திருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சமயத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மாதக் கடைசிக்குள் தகுதிச் சோதனையில் தேறாத வண்டிகளை உடைத்துவிட வேண்டும். செய்தி பரவியதும் ஊர் கொதித்துப் போனது. டிப்போ வாசலில் போராட்டம் என்று அறிவித்தார்கள். ஆனால் எல்லோரும் அத்தையிலேயே கிளம்பிவிட்டதால், போராட்டம் முடிய வேண்டிய நேரத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். 'அத்தையை நடுத்தெருவில் விடமாட்டோம்' என்று எழுதியிருந்த அட்டையைப் பார்த்து, அந்தப் பக்கம் போன ஒரு பெரியவர் சொத்துத் தகராறு என்று நினைத்துச் சமாதானம் பேச உள்ளே வந்துவிட்டார். மேனேஜர் அவரிடம் முழு விவரத்தையும் சொல்லி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பா அவளிடம் வந்து நின்றார். எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். "நீ நினைச்சா அதைச் சரி பண்ணிடலாம்னு எல்லாரும் சொல்றாங்கம்மா" என்றார். அது ஒன்று போதாதா? மேனேஜரும் போராட்டத்துக்குப் பயந்து, வண்டியைப் பழுது பார்க்கக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவள் இரும்புக் கிடங்கில் கிடந்த அத்தையின் தங்கச்சிகளிடமிருந்து கதவுப் பூட்டையும் வைப்பர் மோட்டாரையும் கழற்றினாள். லாரிப் பட்டறையில் நின்று புது ஸ்பிரிங் பட்டை அடித்து வாங்கினாள். சோறு தண்ணி மறந்து வண்டிக்கு அடியிலேயே குடியிருந்தாள். சோதனை அதிகாரி வந்து தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், ஒரு குறை கிடைக்காத ஏமாற்றத்தோடு தேறியது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் பலூன் எல்லாம் கட்டி, ஆரவாரமாகத்தான் ஏறினார்கள். அவளும் பெருமை பார்க்கப் பின்னால் ஏறி நின்றாள். கதவு தானாக மூடியது. தையல்கார அக்கா நாடாவைத் தேடி நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். தூறல் விழுந்தது, வைப்பர் சமத்தாக ஆடியது. கணக்கு வாத்தியார் கயிறு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். மேம்பாலம் வந்தது. டிரைவர் பழக்க தோஷத்தில் "பாரம்!" என்றார். அப்பா எழுந்துவிட்டார். "சார், இனிமே நீங்க அலைய வேண்டாம், உக்காருங்க! அதான் பொண்ணு சரி பண்ணிட்டாங்கள்ல" என்று யாரோ நல்லெண்ணத்தில் சொன்னார்கள். அப்பா சிரித்தபடி உட்கார்ந்தார். வண்டி சத்தமே இல்லாமல் வளைந்தது. அதற்குப் பிறகு பஸ்ஸில் யாரும் பேசவில்லை. ஆளாளுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் அப்பா சட்டை போடவில்லை. "கால் கொஞ்சம் வலிக்குது" என்றார். அதற்கு மறுநாள் காலும் வலிக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் அவரால் முடியவில்லை. ஒழுகாத குழாயை இறுக்கி ஒழுக வைத்தார். நன்றாக ஓடிய கடிகாரத்தைத் துடைத்து நிறுத்தினார். அதுவும் அலுத்துப்போய், சவரம் செய்யாத முகத்தோடு கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "சாப்பிட்டேனா?" என்று அவளையே திருப்பிக் கேட்டார். அம்மா போனபோது பார்த்த அதே அப்பா திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை அவரை அப்படி உட்கார வைத்தது அவளேதான்.

கதவைக் கெடுக்கலாமா, ஸ்பிரிங்கைத் தளர்த்தலாமா என்றுகூட யோசித்தாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தும் பார்த்தாள். கை வரவில்லை. இத்தனை பேர் ஏறுகிற வண்டி. கடைசியில் வண்டியை விட்டுவிட்டுத் தன் பெயரைக் கெடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

"அப்பா, ஒரு விஷயம்" என்றாள் அன்று இரவுச் சாப்பாட்டின்போது. "அந்த ஸ்பிரிங் மட்டும் எனக்குச் சரியா வரல."

"என்னது?"

"வெளிய பார்த்தா சரியா இருக்கு. ஆனா வளைவுல நிக்க மாட்டேங்குது. ஆள் மாறி உக்காரலைன்னா கொஞ்ச நாள்ல மறுபடியும் உரச ஆரம்பிச்சிடும். எவ்வளவோ பார்த்துட்டேன், என்னால முடியல." சோற்றைப் பிசைந்துகொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பொய் சொல்வதைவிட, என்னால் முடியவில்லை என்று சொல்வதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்பா இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். பிறகு, "அது லேசுப்பட்ட ஸ்பிரிங் இல்லம்மா" என்றார். "நீ மனசைத் தளர விடாத. நான் பார்த்துக்குறேன்."

காலையில் குளியலறையில் சவரக்கத்தியின் சத்தம் கேட்டது. அவள் ஓடிப்போய் டிரைவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, வளைவு வந்தால் குரல் கொடுக்க மறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அப்பா சும்மா போகவில்லை. போன வேகத்தில் பஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். "எம் பொண்ணு கெட்டிக்காரிதான், இல்லேங்கல. ஆனா ஸ்பிரிங் விஷயத்துல கொஞ்சம் கோட்டைவிட்டுட்டா." ஒரு வாரத்தில் டிப்போ பையன்கள்வரை அவளைக் கண்டால் கேலியாக இருமினார்கள். தையல்கார அக்கா வழியில் பார்த்து, "பரவாயில்லம்மா, எனக்கும் சில சமயம் கை அளவு தப்பிடும்" என்று ஆறுதல் சொன்னார். அவள் மென்று முழுங்கிக்கொண்டு சிரித்தாள். அந்தப் பட்டையில் இன்னும் இருபது வருடத்துக்கு ஒரு கீறல் விழாது என்று அவளுக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்ல முடியாமல் ராத்திரி தலையணையில் முகத்தை வைத்து முனகினாள். ஆனாலும் அப்பா சாப்பிட்டார், பேசினார், கடிகாரத்தைத் தொடாமல் இருந்தார். அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பேச்சு மேனேஜர் காதுக்குப் போகாமல் இருக்குமா? கூப்பிட்டு அனுப்பினார். "ஸ்பிரிங் சரியில்லையாமே? சரியில்லாத வண்டியை எப்படிச் சோதனையில தேத்துனீங்க?"

"சரியாத்தான் சார் இருக்கு."

"அப்போ உங்கப்பாவே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாரே? நாளைக்குச் சோதனை அதிகாரியோட நானே வர்றேன். வளைவுல ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் வண்டி இரும்புக் கிடங்குக்குத்தான், சொல்லிட்டேன்."

அன்று ராத்திரி அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தாள். அவர் மறுநாளைக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், காலர் மடிப்பைக் குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டு. அவள் வாயைத் திறந்தாள். "தண்ணி குடிச்சீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பஸ்ஸில் மேனேஜர் ஒரு பக்கம், சோதனை அதிகாரி ஒரு பக்கம், நடுவில் கம்பியைப் பிடித்தபடி அவள். மேம்பாலம் ஏறியதும் டிரைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொடுத்த சத்தியம் ஒரு பக்கம், மேனேஜர் மறு பக்கம். கடைசியில் சத்தியம் ஜெயித்தது. "பாரம்!" என்று பாதிக் குரலில் கத்தினார்.

அப்பா எழுந்தார்.

"யாரும் அசையக் கூடாது!" என்றார் அதிகாரி. அப்பா அப்படியே உட்கார்ந்தார்.

ஒரு மெக்கானிக், தான் சரி செய்த வண்டி ஒரே ஒரு தடவை உரசித் தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது உலகத்திலேயே அன்றுதான் நடந்திருக்கும். வண்டி கிடங்குக்குப் போனாலும் போகட்டும், அப்பாவின் நம்பிக்கைக்காக ஒரு சின்னக் கீச்சாவது வரக் கூடாதா? வரவில்லை. அத்தை வழுக்கிக்கொண்டு வளைந்து இறங்கினாள். பாழாய்ப்போன கைவேலை அவ்வளவு சுத்தம். அவளுக்கு அப்பாவின் பக்கம் திரும்பவே தைரியம் இல்லை.

"ஸ்பிரிங் பிரமாதமா இருக்கே!" என்றார் அதிகாரி. "எவன் சொன்னது சரியில்லைன்னு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா கையைத் தூக்கினார். "நான்தான் சார். எனக்கா ஒரு நினைப்பு. எம் பொண்ணு ஒண்ணும் சொல்லல."

"பெரியவரே, தெரியாத விஷயத்துல வாயைக் குடுத்து வண்டியையே உடைக்க வெச்சிருப்பீங்களே" என்றார் மேனேஜர். பஸ் மொத்தமும் குனிந்து தன் செருப்பைப் பார்த்தது. அடுத்த நிறுத்தத்தில் அப்பா இறங்கிவிட்டார். அவளும் பின்னாலேயே குதித்தாள்.

"அப்பா, நில்லுங்க. நான் பொய் சொன்னேன். உங்களைச் சின்னப் பிள்ளை மாதிரி ஏமாத்தணும்னு இல்லப்பா..."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"ரெண்டாம் நாளே தெரியும். டிரைவர் யார்கிட்டயோ பேசிட்டே வளைவைத் தாண்டிட்டார். ஒரு சத்தம் இல்ல. அப்புறம் ஞாபகம் வந்து, சமதரையில போய் 'பாரம்'னு கத்துறார். நீ சொல்லி வெச்சிருக்கேன்னு புரிஞ்சு போச்சு. பாவமா இருந்துச்சு, எழுந்து போய் மாறி உக்காந்தேன்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்புறம் ஏன் தினமும் போனீங்க? ஏன் ஊர் பூரா என் பேரைக் கெடுத்தீங்க?"

"நான் நம்புற மாதிரி உனக்குத் தெரியணும்ல?" என்றார் அப்பா. "என்னால முடியலங்குற வார்த்தையை நீ சொல்லி நான் கேட்டதே இல்லை, பள்ளிக்கூடத்துல படிக்கும்போதுகூட. அதையே முழுங்கிட்டு வந்து எனக்காகச் சொன்னே. நான் நம்பலைன்னா அது வீணாப் போயிடாதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையிலிருந்த கிரீஸ் கன்னத்தில் ஒட்டியது. "வேலை இல்லாட்டி என்ன, சும்மா ஏறிப் போய்ட்டு வந்திருக்கலாமே. ஏன் வீட்டுல உக்காந்தீங்க?"

"வெட்கமா இருந்துச்சும்மா. வேலை போனவன் அதே இடத்துக்கு எப்படிச் சும்மா போய் நிக்கிறது? ஆனா வீட்டுல இருந்தா உங்கம்மா இல்லாதது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது." இதைச் சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தேவையில்லாமல் துடைத்தார்.

அப்போதுதான் கவனித்தார்கள், பஸ் கிளம்பவே இல்லை. தையல்கார அக்கா கதவில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். "சார், பேசி முடிச்சாச்சா? எவ்வளவு நேரம் நிக்கிறது? மேனேஜர் வேற கத்துறார். அவரை வேணும்னா இறக்கி விட்டுடலாம், நீங்க ஏறுங்க!"

அப்பா ஏறினார். இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "உங்களுக்கு எங்க பிடிக்குதோ அங்க உக்காருங்க சார்" என்றார் கணக்கு வாத்தியார். ஆறு வருடத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நன்றாக யோசித்து, கடைசியில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க பக்கத்து வீட்டுச் சின்னவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு, தெரியுமா சார்?" என்று தையல்கார அக்கா முன்னாலிருந்தே கதையை ஆரம்பித்தார். வாத்தியார் குறுக்கே புகுந்து ஏதோ திருத்தினார். பஸ் பழையபடி சந்தைக்கடையானது. மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது அதே மேம்பாலம். டிரைவர் பழக்கத்தில் வாயைத் திறந்தவர், கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டார். அப்பா தூங்கிப் போயிருந்தார். இத்தனை வருடத்தில் இந்த பஸ்ஸில் ஒரு நாளும் அவர் கண்ணை மூடியதில்லை, வேலை நேரம் அல்லவா? இப்போது வாயைத் திறந்துகொண்டு, முழு உடம்பையும் மகளின் தோளில் சாய்த்துவிட்டு, நிம்மதியாகக் குறட்டை விட்டார். வண்டி வளைந்தது. அவளுக்குத் தோளிலிருந்து விரல்வரை மரத்துப் போனது. இறங்க வேண்டிய டிப்போ நிறுத்தம் வந்தது. கண்டக்டர் அவளைப் பார்த்தார். போகட்டும் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.